ஜீவிதா இரண்டு முறை வந்தாள்

இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களிடம் டாக்டர் ஐவி வாதாடுவதில்லை. படங்கள் இன்னும் ஸ்கேன் மிஷினில்தான் இருக்கின்றன, வந்து பாருங்கள் என்கிறார். அப்படிப் போய்ப் பார்த்தவர்களில் ஒருவர், அதற்குப் பிறகு அந்த அறைக்குள் கால் வைக்கவே இல்லை.

குன்னூரில் மார்க்கெட்டுக்கு மேலே ஏறுகிற சாலையில் இருக்கிறது ஐவியின் ஸ்கேன் சென்டர். போன ஜூலை மாதம், ஒரு மத்தியான நேரம். மூடுபனி ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. முன்னறையில் பெயர் பதிகிற வர்ஷா டீ வாங்கப் போயிருந்தாள். ஐவி ஸ்கேன் அறையின் மூலையில் கை கழுவிவிட்டுத் திரும்பினார்.

கட்டிலில் ஒரு பெண் படுத்திருந்தாள்.

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை...

"ஏம்மா, கூப்பிடாம உள்ள வரலாமா?"

"வெளிய யாருமில்லீங்க டாக்டர்."

பெயர் ஜீவிதா, அருவங்காடு ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வீடு என்றாள். கேட்காமலே போன் நம்பரும் சொன்னாள். மேல்வயிற்றில் வலியாம். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ஐவி விவரங்களை மிஷினில் அடித்துக்கொண்டார். ஆனாலும் மனதுக்குள் ஒரு நெருடல். ஒருவர் பெயரில் இன்னொருவர் வந்து படுத்து ரிப்போர்ட் வாங்கிப் போவது அங்கே முன்பு ஒரு முறை நடந்திருக்கிறது. இவளும் அப்படி ஆள் மாறாட்டமோ?

இரைப்பையை ஸ்கேனில் பார்ப்பது சுலபமில்லை. உள்ளே இருக்கும் காற்று மறைத்துவிடும். தண்ணீர் நிறையக் குடிக்க வைத்தால் காற்று விலகி, இரைப்பையின் சுவர் கோடு கோடாகத் தெரியும். ஐவி பெரிய பாட்டிலை நீட்டினார். அவள் எழுந்து உட்கார்ந்து குடித்தாள். ஒரே மூச்சில். தொண்டை அசையவில்லை. மடக் என்று ஒரு சத்தம்கூட இல்லை.

ஜெல்லைச் சூடு பண்ண மறந்துவிட்டார். குன்னூர் குளிரில் அது பட்டால் யாராக இருந்தாலும் துள்ளிவிடுவார்கள். இவள் துள்ளவில்லை. ஐவியின் விரல்தான் விறைத்தது. ஜெல்லைவிட அந்த வயிறு சில்லென்று இருந்தது.

திரையில் படம் வந்தது. இரைப்பையின் கீழ்ப்பக்கச் சுவர் தடித்து, பாதை அடைபடும் அளவுக்குக் கட்டி. கல்லீரலில் அங்கங்கே வட்ட வட்டமாகப் புள்ளிகள். புற்றுநோய் முற்றிப்போய்விட்டது. படங்களைச் சேமித்தார்.

"கூட யாராவது வந்திருக்காங்களாம்மா?"

"இங்கெல்லாம் யாரும் கூட வர முடியாதுங்க."

ஐவிக்கு அது விளங்கவில்லை. மறுபடி திரையைப் பார்த்தார்.

ஏதோ சரியில்லை.

மூச்சு விடும்போது கல்லீரல் மேலும் கீழும் போய்வரும். இது நின்ற இடத்தில் நின்றது. மிஷின் மாட்டிக்கொண்டதோ? கையிலிருந்த கருவியை நகர்த்தினார். படமும் நகர்ந்தது. மிஷினில் கோளாறு இல்லை.

முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாய்க்குப் போனார். அது துடிக்க வேண்டும்.

துடிக்கவில்லை.

"மூச்சை அடக்கிட்டிருக்கீங்களா? விடுங்கம்மா..."

"விட்டாச்சுங்க."

ஐவி திரையைப் பார்த்தார். கல்லீரல் அசையவே இல்லை.

"விட்டு ரொம்ப நேரமாச்சுங்க டாக்டர்."

ஐவியின் கை அந்த வயிற்றின் மேலேயே நின்றுவிட்டது.

"முன்னாடியே பாத்திருந்தா சரியாயிருக்குமுங்களா?"

"ஆ... ஆயிருக்கும்."

"அப்ப முன்னாடியே பாத்துருங்க."

டக்.

வெளிக்கதவுத் தாழ்ப்பாள். ஐவி திடுக்கிட்டுத் திரும்பினார். வர்ஷா டீயோடு வந்துகொண்டிருந்தாள்.

கட்டில் காலி.

விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை...

"இப்ப யாராவது வெளிய போனாங்களா வர்ஷா?"

"யாருமில்லீங்க மேடம். ஏனுங்க, இப்படி வேர்த்திருக்கு?"

மறுநாள் ஐவி அந்த நம்பருக்குப் போன் செய்தார். எடுத்தது ஜீவிதாதான். மேல்வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுக்க வந்தீர்களே என்று ஐவி கேட்க, தான் எந்த ஸ்கேனுக்கும் வரவில்லை என்றாள். உடனே அவள் கணவர் முத்துராஜ் போனை வாங்கினார்.

"நம்பர் யாருங்க குடுத்தாங்க? ஸ்கேனுக்கு ஆள் புடிக்கிறீங்களா?"

வைத்துவிட்டார். யாரோ விளையாடுகிறார்கள் என்று ஐவி தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். சாயங்காலம் அதே நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. தணிந்த குரல்.

"டாக்டர், சாப்பிட்டா நெஞ்சுக்குக் கீழ எரியுதுங்க. கொஞ்ச நாளாவே. ஊட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லலீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஐவி நேரில் வரச் சொன்னார்.

அந்த வாரமே இருவரும் வந்தார்கள். முத்துராஜ் முகத்தில் சந்தேகம் அப்படியே இருந்தது. அவர் பின்னால் நின்ற ஜீவிதாவைப் பார்த்ததும் ஐவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

அதே கண். அதே குரல். ஆனால் கன்னம் நிறைந்திருந்தது.

"நீங்க... இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கீங்கதானே?"

"இல்லீங்க. இப்பத்தானுங்க மொதத் தடவ."

தண்ணீர் குடிக்கக் கொடுத்தார். மடக் மடக்கென்று கேட்டது. ஜெல் பட்டதும் "யப்பா!" என்று துள்ளினாள். ஐவிக்கு அப்போதுதான் பாதி உயிர் வந்தது. மூச்சுக்குத் தகுந்தபடி கல்லீரல் போய்வந்தது. புள்ளி ஒன்றும் இல்லை. ரத்தக்குழாய் துடித்தது. ஆனால் இரைப்பையில், அதே இடத்தில், சுவர் லேசாகத் தடித்திருந்தது. தேடிப் போகாதவர் கண்ணில் படாது.

கோயம்புத்தூருக்கு அனுப்பினார். குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்தான். ஆரம்பக் கட்டம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஊர் திரும்பியதும் முத்துராஜ் தனியாக வந்தார். "அன்னிக்குப் போன்ல அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஜீவிதா இப்போது நன்றாக இருக்கிறாள்.

இதோடு முடிந்திருந்தால் ஐவி நிம்மதியாக இருந்திருப்பார்.

டிசம்பரில் மிஷினைச் சர்வீஸ் செய்ய மனுவேல் வந்தார். பழைய படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"மேடம், மிஷின்ல தேதியை மாத்துனீங்களா?"

"இல்லையே."

ஐவி எட்டிப் பார்த்தார். அசையாத அந்தக் கல்லீரல். அந்தப் புள்ளிகள். மேலே ஜீவிதாவின் பெயர். அந்த ஜூலை நாளில் காலையில் எடுத்த படங்களில் தேதி சரி. அன்று மாலை எடுத்தவற்றிலும் சரி. இந்தப் படங்களில் மட்டும் வேறு தேதி.

வருகிற ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை.

அந்த நாள் இன்னும் வரவில்லை.