வெண்ணெய் வாடை

அவளுக்கு மிளகு என்று பெயர் வைத்தது அவள் தம்பிதான். ஆள் சிறுசு, வாயில் போட்டால் எரியும் என்பது அவன் சொன்ன விளக்கம். சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட பெயர் கல்யாணத்துக்குப் பிறகும் போகவில்லை, மகள் பிறந்த பிறகும் போகவில்லை. கடைசியில் ஒரு பீர் பாட்டிலின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்த பாட்டிலை வைத்துத்தான் இந்தச் சண்டை.

தம்பி சின்னதாக ஒரு பீர்க்கூடம் வைத்திருந்தான். முன்னால் உட்கார்ந்து குடிக்க ஒரு நீள அறை, பின்னால் எஃகு டேங்குகள், நடுவில் சமையலறை. கட்டடம் அவனுடையது, வியாபாரம் அவனுடையது, வாய்ச்சவடாலும் அவனுடையது. பீர் மட்டும் அக்காவுடையது. முளைகட்டிய பார்லியான மால்ட்டை எவ்வளவு வறுப்பது, கசப்புத் தரும் ஹாப்ஸ் பூவை எப்போது போடுவது, எப்போது டேங்கைத் திறப்பது என்பதெல்லாம் அவள் பார்த்துக்கொண்டாள். தம்பி மூக்கை நுழைத்தால் கடித்து விடுவாள்.

அதற்கு முன்னால் அவள் ஒரு பெரிய பீர் ஆலையில் சுவை பார்க்கும் அறையில் இருந்தாள். ஜன்னல் இல்லாத அறை, வெள்ளைச் சுவர், எதிரே சின்னச் சின்னக் குவளைகள். சென்ட் பூசக் கூடாது, காலையில் காபி கூடாது, பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கக் கூடாது. முகர்ந்து, ஒரு வாய் பருகி, குறை இருந்தால் சொல்ல வேண்டும். குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கிய பெண் வீட்டில் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருப்பாளா? அவளுக்கு வரன் பார்த்தவர்கள் எல்லாம் அவள் காபியை முகர்ந்து பார்த்த அழகிலேயே ஓடிப்போனார்கள். ஓடாமல் நின்றவர் ஒரு சமையல்காரர். அவர் கொடுத்த சூப்பில் உப்பு அதிகம் என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னாள். அவர் ஒரு கரண்டி எடுத்துக் குடித்துப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றார். அவ்வளவுதான், கல்யாணம். நாக்கு விஷயத்தில் ஒருவருக்கொருவர் பொய் சொல்வதில்லை என்பது அந்த வீட்டில் எழுதாத சட்டம். மற்ற விஷயங்களில் இரண்டு பேரும் எல்லோரையும் போலத்தான்.

ஆலை வேலையை அவள் விட்டதும் கோபத்தில்தான். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்த சரக்கை, பரவாயில்லை, அனுப்பலாம் என்றார் மேலாளர். அவள் குவளையை அவருடைய மேசையில் வைத்து, நீங்களே குடித்து முடியுங்கள், நான் நின்று பார்க்கிறேன் என்றாள். அவர் குடிக்கவில்லை. அவள் மறுநாள் வேலைக்குப் போகவில்லை.

தம்பியின் கூடத்துக்கு வந்து பல வருஷம் மாற்றி மாற்றிக் காய்ச்சி அவள் கொண்டுவந்ததுதான் அந்தக் கறுப்பு பீர். ஆண்டு முடிவு விடுமுறைக்கு மட்டும் வருவது. முதல் வாயில் வறுத்த தானியம், அப்புறம் சர்க்கரை போடாத சாக்லேட், கடைசியில் நாக்கைத் துடைத்துவிட்டுப் போகிற சுத்தமான கசப்பு. இனிப்பு என்று ஒரு துளி மிஞ்சக் கூடாது. தம்பி ஓர் ஓவியனைப் பிடித்து, முறைத்துக்கொண்டிருக்கும் அக்காவின் முகத்தை லேபிளில் வரையவைத்து, கீழே மிளகு என்று போட்டுவிட்டான். பார்த்ததும் அவனை உண்டு இல்லை என்று ஆக்கினாள். ஆனால் ஒரு லேபிளை எடுத்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்துக்கொண்டது கணவருக்குத் தெரியும். இதில் மிளகு போட்டிருக்கிறதா என்று யாராவது கேட்டால், மிளகு இல்லை, என்னைத்தான் போட்டிருக்கிறது என்பாள்.

பீர் பொங்கி அடங்கியதும் உடனே குளிரவைக்கக் கூடாது. அந்தச் சமயத்தில் அதில் ஒரு வெண்ணெய் வாடை இருக்கும். ஈஸ்ட் தானே உண்டாக்கிய வாடை அது, கொஞ்ச நாள் இளஞ்சூட்டில் விட்டுவைத்தால் தானே அதைத் தின்றும் தீர்த்துவிடும். அவசரப்பட்டுக் குளிரவைத்தால் ஈஸ்ட் தூங்கிவிடும், வாடை தங்கிவிடும். இது தெரியாமல் யாரும் பீர்க்கூடம் நடத்துவதில்லை. தம்பிக்கும் தெரியும். அவனுக்குத் தெரியாதது அந்த வாடைதான். சிலருடைய மூக்குக்கு அது பிறவியிலேயே எட்டாது, அவனுடையது அப்படிப்பட்ட மூக்கு. இதை அக்கா பலமுறை சொல்லியும் அவன் ஒப்புக்கொண்டதே இல்லை. இல்லாத ஒன்றைச் சொல்லி அக்கா மிரட்டுகிறாள் என்பது அவன் எண்ணம்.

இந்த வருஷம் மகளுக்குப் பிரசவம். மிளகு மகளின் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. போகும்போது டேங்கின் பக்கத்தில் நின்று, நான் வருகிற வரைக்கும் குளிர் சுவிட்சில் கை வைக்காதே என்று தம்பியிடம் படித்துப் படித்துச் சொன்னாள். அவன் தலையைத் தலையை ஆட்டினான்.

திரும்பி வந்தபோது டேங்க் காலி. கழுவித் துடைத்திருந்தார்கள். பீர் குளிர்ந்து, வடிகட்டி, அவள் முகம் ஒட்டிய பாட்டில்களில் அடைபட்டு, வரிசையாக முறைத்துக்கொண்டிருந்தது. மறுநாள் மதியம் விடுமுறை விருந்து. ஊர் ஊராக உணவகம் நடத்துகிற ஓர் அம்மா வருகிறாள், எல்லோரும் அவளை ஹோட்டலம்மா என்பார்கள். இந்த பீர் அவளுக்குப் பிடித்துவிட்டால் அவளுடைய எல்லா உணவகங்களிலும் மிளகு இருக்கும். அவள் வருவது உறுதியானதும் தம்பிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. குளிரவைக்காவிட்டால் விருந்துக்குள் பீர் தெளியாமல் போய்விடுமோ என்று பயந்து, தானே ஒரு குவளை குடித்துப் பார்த்து, பிரமாதம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சுவிட்சைத் தட்டிவிட்டான்.

மிளகு ஒரு பாட்டிலைத் திறந்தாள். மூக்குப் பக்கம் கொண்டுபோகிறதற்குள் தெரிந்துவிட்டது. சினிமாக் கொட்டகையில் சோளப்பொரி விற்கிற இடத்தில் அடிக்குமே, அந்த வாடை. வடிகட்டியாகிவிட்டது, இனிமேல் தின்று தீர்க்க ஈஸ்ட்டும் இல்லை. தலைகீழாக நின்றாலும் திருத்த முடியாது. அவளுக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"எல்லாத்தையும் சாக்கடையில ஊத்து" என்றாள்.

தம்பி ஊற்றவில்லை. அவனுக்கு வாடை அடிக்கவில்லை, பிறகு எதற்கு ஊற்றுவான்? வேறு பீரைக் கொடு என்றாள். விருந்தே இந்த பீருக்காகத்தானே என்றான். நீ வேலையைப் பார்க்காமல் ஊருக்குப் போய்விட்டு இப்போது வந்து குதிக்கிறாய் என்று ஒரு வார்த்தையையும் விட்டான். பேத்தியைப் பார்க்கப் போனது குற்றமாகிவிட்டது. அவன் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அவள் நாலு கேள்வி கேட்டுவிட்டு, நாளைக்கு எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று இது கெட்டுப்போன பீர் என்று சொல்லத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் கணவரிடமும் கத்தினாள். அவர் ஒரு பாட்டிலைத் திறந்து முகர்ந்தார், ஆமாம், வெண்ணெய்தான் என்றார். யோசித்துக்கொண்டே போய், விருந்துக்கு எடுத்து வைத்திருந்த எலுமிச்சம்பழங்களைத் திரும்பக் கூடைக்குள் போட்டார். கோபத்தில் அவள் அதைக் கவனிக்கவில்லை.

கூடத்தில் சமைப்பவர் கணவர்தான் என்றாலும், அந்த விருந்துக்கு என்னென்ன சாப்பாடு என்பதை அவள் முன்பே முடிவு செய்து வைத்திருந்தாள். ஆரஞ்சுத் தோலும் எலுமிச்சையும் சேர்த்து மொறுமொறுவென்று வாட்டிய வாத்து, நன்றாக முற்றிய சீஸ், கசப்புச் சாக்லேட். வாத்தின் கொழுப்பை பீரின் கசப்பு அறுக்க வேண்டும், கருகிய ஓரத்தோடு வறுத்த மால்ட் கைகோத்துக்கொள்ள வேண்டும். குவளையை ஐஸில் வைக்கக் கூடாது, குளிர்ந்தால் வாசனை பேசாது. ஒரு வாய் பீர், ஒரு வாய் சாப்பாடு, மறுபடி ஒரு வாய் பீர், மூன்றாவதில்தான் இரண்டும் சேர்ந்ததா சண்டை போட்டதா என்று தெரியும். இதை அவள் வருஷா வருஷம் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பாள். ஐஸ் கேட்டவர்களுக்குத் தனியாகத் திட்டு உண்டு.

மறுநாள் மதியம் மேசைக்கு வாத்து வரவில்லை. வெண்ணெயைத் தோலுக்கடியில் திணித்து, வெண்ணெயை மேலே ஊற்றி ஊற்றி வாட்டிய முழுக்கோழி வந்தது. வெண்ணெயில் புரட்டிய கேரட் வந்தது. சர்க்கரையைக் கருக்கி, வெண்ணெய் கலந்து மேலே ஊற்றிய கேக் ஓரத்தில் தயாராக இருந்தது. மிளகு சமையலறைக் கதவைப் பார்த்தாள். கணவர் அங்கே கையைத் துடைத்துக்கொண்டு நின்றார், அவளைப் பார்க்கவில்லை. என்ன செய்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. குறையை மறைக்கவில்லை, அதற்கு ஜோடி சேர்த்துவிட்டார்.

ஹோட்டலம்மா ஒரு வாய் பருகினாள். கோழியை ஒரு துண்டு சாப்பிட்டாள். மறுபடி பருகினாள். கண்ணை மூடிக்கொண்டாள். மேசை முழுக்கச் சப்புக்கொட்டுகிற சத்தம். போன வருஷத்தைவிட இந்த வருஷம் எங்கேயோ போய்விட்டது என்று ஒருவர் சொன்னார். தம்பியின் முகம் பூரித்துப்போயிருந்தது.

மிளகு எழுந்தாள்.

"இது கெட்டுப்போன பீர். அவசரத்துல பாதியிலயே குளிரவெச்சுட்டாங்க. நீங்க ருசிச்சுக் குடிக்கிறீங்களே, அது என் பீரோட ருசி இல்ல, அதோட வியாதி."

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். ஹோட்டலம்மா மட்டும் குவளையை ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்தாள்.

"அப்படின்னா எனக்கு இந்த வியாதியோடயே வேணும். வருஷா வருஷம் இப்படியே கெடுத்துக் கொடுங்க" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை, மனம் நிறைந்து சிரித்த சிரிப்பு. அதுதான் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. மிளகு விடுவிடுவென்று பின்பக்கம் போனாள். போன வருஷத்து மிளகு ஒரு பெட்டி இருந்தது, வைத்திருந்தால் மெருகேறுகிற பீர் அது. இரண்டு பாட்டிலைக் கொண்டுவந்து ஹோட்டலம்மாவுக்கும் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் தானே ஊற்றினாள். இதைக் குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றாள். குடித்தார்கள். ரொம்ப நேர்த்தி என்றாள் ஹோட்டலம்மா. வித்தியாசமாக இருக்கிறது என்றார் இன்னொருவர். சொல்லிவிட்டு எல்லோரும் பழையபடி கெட்ட பீரின் பக்கமே கையை நீட்டினார்கள். மரியாதைக்குப் பாராட்டுகிறவர்களின் முகத்தை அவள் எத்தனை பார்த்திருக்கிறாள்!

அவள் கெட்ட பீரில் ஒரு குவளையும் போன வருஷத்து பீரில் ஒரு குவளையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கணவர் முன்னால் வைத்தாள்.

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

"உன் முகம் ஒட்டியிருக்கிற பாட்டிலை நாலு பேர் துப்பறதைப் பார்க்க முடியல. அதான்."

"காப்பாத்துனீங்களாக்கும். சரி, இப்ப சாப்பாட்டோட குடிச்சுட்டுச் சொல்லுங்க. எது நல்லா இருக்கு?"

அவர் வேண்டாமே என்று பார்த்தார். அவள் விடவில்லை. அவர் கோழியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு ஒன்றைப் பருகினார், மறுபடி கிள்ளிப் போட்டுக்கொண்டு மற்றதைப் பருகினார். அவசரமே இல்லாமல், எப்போதும் செய்கிற மாதிரியே செய்தார். பொய் சொல்லுங்களேன் என்று அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரிடம் அவள் அப்படி ஒன்றைக் கேட்க நினைத்ததே இல்லை.

"தனியாக் குடிச்சா உன்னோடது. இந்தச் சாப்பாட்டோடன்னா கெட்டதுதான்" என்றார்.

அவள் அவர் தட்டிலிருந்தே ஒரு துண்டு எடுத்து மென்றாள். கெட்ட பீரைப் பருகினாள். மறுபடி ஒரு துண்டு, மறுபடி ஒரு வாய். கோழியின் வெண்ணெயும் பீரின் வெண்ணெயும் ஒன்றையொன்று தேடிப்போய்க் கட்டிக்கொண்டன, வறுத்த மால்ட் அடியிலிருந்து இரண்டையும் தாங்கியது. நன்றாக இருந்தது. எந்தக் குவளையிலும் எதையாவது கண்டுபிடித்துவிடுகிற அந்த நாக்குக்கு அதில் ஒன்றும் அகப்படவில்லை. அழுகை வந்தது, அழுதால் கோபம் குறைந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

திரும்ப வந்தபோது தம்பி ஹோட்டலம்மாவுக்குக் கேக் வைத்துக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறியது. அவள் கத்தவில்லை. மனசுக்குள் முழுச் சண்டையையும் தயார் செய்துகொண்டுதான் வந்திருந்தாள். அவன் மாட்டேன் என்பான், நீ இல்லாமல் என்ன மிளகு என்பான், ஹோட்டலம்மாவும் அந்த முகம் இருந்தால்தான் அழகு என்பாள், அதற்கெல்லாம் என்ன பதில் சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

"இதைத்தான் விக்கப்போறேன்னா வித்துக்கோ. கெடுக்கறது எப்படின்னு நானே சொல்லித்தரேன். ஆனா என் முகத்தையும் பேரையும் பாட்டில்லேர்ந்து எடுத்துடு" என்றாள்.

தம்பி ஹோட்டலம்மாவைப் பார்த்தான். அவள் கேக்கை வெட்டிக்கொண்டே, பெயர் எதுவானால் என்ன, ருசி மாறாமல் இருந்தால் போதும் என்றாள்.

"சரிக்கா" என்றான் தம்பி. அவன் குரலில் அப்படி ஒரு நிம்மதி.