சம்பந்தியம்மா போட்ட பூட்டு

அந்தப் பெயரை டாக்டர் முதன்முதலில் கேட்டது, உயிரியல் பூங்காவில் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு, இயக்குநரின் அறையில்.

"புலி விஷயம்னா சம்பந்தியம்மாவைக் கேட்டுக்குங்க. இப்ப வர்ற நேரம்தான்" என்றார் இயக்குநர்.

இயக்குநர் பெண்ணைக் கொடுத்த வீட்டு அம்மாள் போலிருக்கிறது என்று நினைத்து, டாக்டர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கதவு திறந்ததும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். ரப்பர் செருப்பும் கையில் எலும்பு வாளியுமாக வந்தவர், "உக்காருங்க தம்பி. நான் புலிக்குத்தான் சம்பந்தி" என்றார்.

அதில் பொய்யில்லை. முப்பத்தோரு வருடமாக அங்கே எந்தப் புலியை எந்தப் புலியோடு சேர்த்தார்கள், எது பிழைத்தது, எது எந்த ஊருக்குப் போனது, அத்தனையும் அவர் நாக்கு நுனியில் இருக்கிறது. சொந்த நாத்தனார் பேரன் பெயரைக் கேட்டால் ஒரு நிமிடம் யோசிப்பார். புலியின் ஒன்றுவிட்ட சித்தப்பாவைக் கேட்டால் யோசிக்க மாட்டார். கூண்டில் தொங்கும் எண் பலகையைத் திரும்பியும் பார்ப்பதில்லை. "நம்பர் போட்டா சொந்தம் விட்டுப்போயிடுமா?" என்பார். காலையில் இறைச்சியைத் தள்ளும்போது, "மூத்தவ மகளே, இந்தா" என்றுதான் குரல் கொடுப்பார்.

மூத்தவள், அவள் மகள் சின்னவள், எல்லாமே வெள்ளைப்புலிகள். வெள்ளை தனி இனம் ஒன்றுமில்லை. மஞ்சள் புலி வீட்டில் எப்போதோ ஒன்று அப்படிப் பிறக்கும். மறுபடியும் வெள்ளையே வேண்டுமென்றால் வெள்ளைக்கு எங்கே போவது? ஒரே வீட்டுக்குள் கொடுத்து, ஒரே வீட்டுக்குள் எடுத்தார்கள். பாதிப் புலிகளுக்கு மாறுகண். மூத்தவளின் கடைசி ஈற்றில் ஒரு குட்டிக்கு மேல்வாய் பிளந்திருந்தது. குடித்த பால் மூக்கு வழியாக வரும். சம்பந்தியம்மா மடியில் போட்டு ஒன்பது நாள் புட்டிப்பால் கொடுத்தார். பத்தாம் நாள் புட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மற்றக் கூண்டுகளைப் பெருக்கப் போனார்.

போன மாதம் சின்னவளுக்கு ஜோடியாக வெளியூரிலிருந்து ஒரு வெள்ளை ஆண் வந்து இறங்கியது. வயது ஏழு, இவளுக்கு உறவில்லை என்று காகிதம் சொன்னது. சம்பந்தியம்மா கூண்டைச் சுற்றி வந்தார். அதன் வலது காதின் ஓரத்தில் ஒரு பழைய கடித்தழும்பு.

"டேய், நீயா?" என்றார்.

பிறகு டாக்டரிடம், "இது மூத்தவளோட கடைசித் தம்பி. ஒரே ஈத்து. காதைக் கடிச்சது அவதான், மருந்து போட்டது நான். பத்து மாசத்துல வெளியூருக்கு அனுப்பினோம். அங்கேயிருந்து வேற எங்கேயோ போயிருக்கான். அங்க போய்ச் சேர்ந்த தேதியைப் பொறந்த தேதின்னு எழுதிட்டாங்க" என்றார்.

டாக்டருக்கு முன்பே ஒரு சந்தேகம். அவ்வளவு தேய்ந்த பல் ஏழு வயதுப் பல் இல்லை. இருவரும் இயக்குநரிடம் போனார்கள்.

இயக்குநர் சிரித்தார். "சரி, தாய்மாமன்தானே? அக்கா மகளைக் கட்டக் கூடாதா?"

"அதோட நின்னா பரவாயில்லீங்க ஐயா. சின்னவளுக்கு அப்பாவும் தாத்தாவும் ஒரே ஆளு. இவனும் அந்த ஆளுக்குத்தான் பொறந்தான். மாமான்னு கூப்பிட்டாலும் இவன்தான் வரணும், அண்ணான்னு கூப்பிட்டாலும் இவன்தான் வரணும்."

இயக்குநர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பாதியில் விரலை மடக்கிக்கொண்டார். "காகிதத்துல அப்படி இல்லையே?"

"காகிதமா பெத்துது?"

"ஜனங்க வெள்ளையைப் பாக்கத்தான் வர்றாங்க. வெள்ளை இல்லன்னா கூட்டம் இல்ல. கூட்டம் இல்லன்னா இங்க இருக்கிற கரடிக்கும் சாப்பாடு இல்ல."

அதிலும் பொய்யில்லை. சம்பந்தியம்மா தலையாட்டினார். இரண்டின் இரத்தத்தையும் சோதனைக்கு அனுப்பினால் தெரிந்துவிடும் என்றார் டாக்டர்.

"அனுப்புங்க. முடிவு வர்ற வரைக்கும் சின்னவளோட பருவம் காத்துக்கிட்டு இருக்குமா? நாளைக்குக் காலையில கதவைத் திறங்க" என்றார் இயக்குநர்.

காலையில் டாக்டர் போனபோது, இரண்டு கூண்டுக்கும் நடுவில் இருக்கும் இழுவைக் கதவின் சங்கிலியில், சம்பந்தியம்மா துணிமணி வைக்கும் அலமாரியின் பூட்டு தொங்கியது. சாவியை டாக்டரின் கோட்டுப் பைக்குள் போட்டார் சம்பந்தியம்மா.

"வச்சுக்குங்க தம்பி. ஐயா கேட்டா எங்கிட்ட இல்லன்னு சொல்லணும். எனக்குப் பொய் சொல்ல வராது."

இயக்குநர் வந்தார். "சாவி எங்கே?"

"எங்கிட்ட இல்லீங்க ஐயா."

இயக்குநர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் ஜோடி சேர்க்கலாம்; அந்தப் படிவத்தை நீட்டினார். டாக்டர் பைக்குள் கைவிட்டு, பேனாவை மட்டும் எடுத்தார். 'உறவு' என்று அச்சிட்ட இடத்தில் நிறுத்தி எழுதினார்: தாய்மாமன், அண்ணன். கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் சின்னவளின் பருவம் அடங்கிவிட்டது. இரத்தச் சோதனையின் முடிவு இன்னும் வரவில்லை. சம்பந்தியம்மா பூட்டு தொங்கும் அந்தக் கதவுக்குப் பக்கத்தில், எலும்பு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.