சம்பந்தியா, பங்காளியா?

வெல்டிங் பட்டறைக்காரருக்கு ஊர் வைத்த பெயர் 'தட்டிப்பார்'. பற்றவைத்த இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் எந்த இரும்புக் கேட்டையும் வெளியே விடமாட்டார். மனிதர்களையும் அப்படித்தான். பால்காரர் சிரித்தால் பாலில் தண்ணீர் என்பார். சிரிக்காவிட்டால் நிறையத் தண்ணீர் என்பார்.

எதிர்த்தெருத் தச்சரின் மகனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். தட்டிப்பார் பரம்பரையாக அந்த மண்ணுக்காரர். தச்சர் குடும்பமோ பிழைக்க வந்தது. தச்சரின் அப்பா, தட்டிப்பார் பிறப்பதற்குச் சற்று முன் ஆற்றுப்பாலம் கட்ட வந்து, வேலை முடிந்து போய், பல வருடம் கழித்துப் பெண்டாட்டி பிள்ளையோடு திரும்பி வந்தவர்.

"வந்தவங்க வேர் எங்கேன்னு யாருக்குத் தெரியும்?" என்று தட்டிப்பார் இழுத்தடித்தார்.

அந்த நேரத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் வந்தார். மண்ணின் மக்கள், வந்தவர்கள் என்று இருதரப்பு ஆண்களின் கன்னத்து உள்பக்கத்தையும் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்து, அப்பன் வழி எங்கிருந்து வந்தது என்று பார்ப்பாராம். தட்டிப்பாருக்கு அவர் மேலும் சந்தேகம். குச்சியை மாற்றிவிட்டால்? தச்சரைக் கையோடு இழுத்துப் போய், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு குழாயிலும் பெயர் ஒட்டும்வரை கண் கொட்டாமல் பார்த்தார். முடிவையும் சேர்ந்தே கேட்போம் என்று அடம்பிடித்தார்.

"ரெண்டு பேருக்கும் அப்பா வழி அச்சு அசலா ஒண்ணா இருக்கு," என்றார் ஆராய்ச்சியாளர். "பல தலைமுறைக்கு முன்னாடி ஒரே ஆளா இருக்கலாம். கிட்டத்துலயும் இருக்கலாம். இந்தச் சோதனையில அதைச் சொல்ல முடியாது."

தச்சர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்போ நாங்களும் மண்ணின் மக்கள்தான், சம்பந்தி!"

தட்டிப்பாருக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பன் வழி ஒன்றென்றால் தச்சர் சம்பந்தி இல்லை, பங்காளி. பிள்ளைகள் அண்ணன் தங்கை. தட்டிப்பாரின் செத்துப்போன அப்பா லாரி ஓட்டியவர். தச்சரின் பூர்வீக ஊர்ப்பக்கம் வாரக்கணக்கில் தங்கியவர். பெற்ற அப்பன் மேலேயே சந்தேகப்படுகிறோமே என்று வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சோதனையில் வந்ததைச் சொன்னார்.

"ஏம்மா, அப்பா லாரியில அந்தப் பக்கம் போவாரே. அங்க அவருக்கு வேற தொடர்பு ஏதாவது..."

"வாயைக் கழுவுடா! உங்க அப்பா சொக்கத்தங்கம்."

அப்பாடா என்று இருந்தது அவருக்கு. "சரிம்மா. அப்போ கல்யாணத்துக்கு நாள் பார்த்துடறேன்."

அம்மா ஈரச் சேலையைக் கொடியில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேணாம்ப்பா," என்றாள். "தப்பு பண்ணது உங்க அப்பா இல்ல."