ஃப்ளூ மாத்திரை செய்த காரியங்கள்

பிசியோதெரபிஸ்ட் என்றால் வீடு வீடாகப் போய் அடுத்தவர் கை கால்களோடு மல்லுக்கட்டுகிற ஆள். ஹைதராபாத் டிராஃபிக்கில் ஸ்கூட்டரை ஓட்டிப் போய்ச் சேர்வதற்குள் என் இடுப்புக்கே ஒரு பிசியோதெரபிஸ்ட் தேவைப்படும்.

வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். அமன்டடின் என்றொரு மாத்திரை. ஒரு காலத்தில் ஃப்ளூ வைரஸுக்காக வந்தது. இப்போது அதை எழுதுகிறவர்கள் நரம்பு டாக்டர்கள். அது செய்ததையெல்லாம் நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

டீ கிளாஸ்

சனத்நகரில் கோபால் சார், லேத் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பார்க்கின்சன் நோய். அதற்கான மருந்தைப் பல வருஷம் சாப்பிட்டதில் உடம்பு தானாக ஆட ஆரம்பித்துவிட்டது. தோள் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். டீயை அவர் மனைவிதான் ஸ்பூனில் ஊட்டுவார். டாக்டர் அமன்டடினைச் சேர்த்தபோது, "இவருக்குக் காய்ச்சலே இல்லையேம்மா" என்று அந்த அம்மா என்னிடம் சந்தேகப்பட்டார்.

மூன்றாவது வாரம் போனேன். ஆட்டம் முழுதாக நிற்கவில்லை. ஆனால் சார் கையில் டீ கிளாஸ் இருந்தது. மெதுவாகத் தூக்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தார். அவர் மனைவியும் நானும் பார்த்துக்கொண்டே நின்றோம். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்: "சர்க்கரை கம்மி."

வெங்காயச் சாக்கு

போவன்பள்ளி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவர் சரோஜாம்மா. தாத்தா காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்த குடும்பம்; பேச்சில் ஊர் உருது கலந்துவிடும்: 'கைக்கு' என்றால் ஏன், 'நக்கோ' என்றால் வேண்டாம், 'ஹவ்' என்றால் ஆமாம். அவருக்கும் பார்க்கின்சன், அதே மாத்திரை. நடை நன்றாகத் தேறியது. ஒரு நாள் புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினார். முழங்காலிலிருந்து பாதம் வரை ஊதா நிறத்தில் வலை பின்னியது போல் கோடுகள்.

"இது கைக்கு இப்படி வந்துச்சு? இந்த மாத்திரை நக்கோம்மா, நிறுத்திடறேன்" என்றார். டாக்டரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தவே கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். இருவரும் டாக்டரிடம் போனோம். இந்த மருந்தால் சிலருக்குத் தோலில் இப்படி வலை விழும், பயமில்லை, கால் வீங்கினால் மட்டும் உடனே வரணும் என்றார் அவர். திரும்பும்போது சரோஜாம்மா காலையே பார்த்துக்கொண்டு வந்தார். "உள்ளே ரிப்பேர் பண்ணிட்டு வெளியே வெங்காய வலைச் சாக்கு போட்டு கட்டிடுச்சு, ஹவ்?"

சோபாவில் நாலு பேர்

அல்வாலில் ராமசுப்பு சார், பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்தவர். அவருக்கும் பார்க்கின்சன்தான்; இந்த மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாள் இருக்கும். நான் சோபாவில் பையை வைக்கப் போனேன். "பார்த்தும்மா, அவங்க மேல வைக்காதே" என்றார். சோபா காலி. நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்களாம், பேசுவதில்லையாம். அவர் குரலில் பயமே இல்லை. நான்தான் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனேன்.

அவர் மனைவி அடுப்படியில் அழுதுகொண்டிருந்தார். புருஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்துவிட்டார். நான் அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டேன். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சிறுநீரகம் கொஞ்சம் மந்தம்; மருந்து உடம்பில் தேங்கியிருக்கிறது. அளவைக் குறைத்தார்கள். ஒரு வாரத்தில் சோபா காலியானது. அந்த அம்மா சாமிக்குத் தேங்காய் உடைத்தார். சாருக்குத்தான் மனசு ஆறவில்லை: "நல்ல மனுஷங்க. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

முழங்கால்

ஜெசிந்தாவுக்கு முப்பத்திரண்டு வயது. தூத்துக்குடிப் பெண், ஐ.டி. வேலை. ஸ்கூட்டர் விபத்தில் தலையில் அடி. இரண்டு மாதம் கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. கணவர் அந்தோணி லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தார். மூக்குக் குழாய் வழியாக அமன்டடின் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். சிலருக்கு விழிப்பு சீக்கிரம் வருகிறது, உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

இரண்டாவது வாரம் அவள் கண் என் கையைத் தொடர்ந்தது. நாலாவது வாரம், இறுகிப்போன முழங்காலை மடக்கிக்கொண்டிருந்தேன். முகம் சுளித்தது. உதடு அசைந்தது. "வலிக்குது" என்றாள். மருந்தா, அவள் உடம்பே மீண்டதா, எனக்குத் தெரியாது. என் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தோணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். பிறகு என்னிடம் கெஞ்சினார்: "அக்கா, இன்னொரு தடவை மடக்குங்க."

அன்றிலிருந்து எந்த நோயாளி என்னைத் திட்டினாலும் நல்ல செய்தி என்றே எடுத்துக்கொள்கிறேன்.