பிரேமலதா வளர்க்கும் புல்

குந்தியபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்துதான் பிரேமலதா களை பிடுங்குவார். முன்னால் நகர்ந்தால் வேலை முடிந்த இடத்தைத் தன் காலே மிதித்துவிடுமாம். வலது கையில் காம்பு உடைந்த ஒரு சோற்றுக்கரண்டி. கோரையின் அடியில் அதை இறக்கி ஒரு நெம்பு நெம்பினால் கிழங்கு வெளியே வந்து விழும். தாளை மட்டும் கிள்ளி எறிகிறவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு வரும்.

"தலய வெட்டுனா மூணு தலயோட வரும் டீச்சர். நம்மள வெட்டுனா வெட்டுனதுதான்."

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, ரப்பர் மரங்களைத் தாண்டித் தேயிலை தொடங்கும் மேட்டில் இருக்கிறது அந்தப் பங்களா. முன்பு தோட்டத் துரை இருந்த வீடு. ஆறு வருடமாக ஹோட்டல். கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். முன்னால் முக்கால் ஏக்கர் புல்தரை. அதன் ஓரத்து முள்கம்பி வேலியை ஒட்டிய ரோட்டில்தான் நான் தினமும் தோட்டப் பாடசாலைக்குப் போய்வருகிறேன். பிரேமலதாவுக்கு ஐம்பது வயது. கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மகள் தர்மிளா என்னிடம் படித்தவள். வேலிக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானுமாக நின்று பேசியதே அதிகம். உள்ளே வரச் சொல்லி அவர் என்னை ஒருநாளும் அழைத்ததில்லை. அழைக்கும் உரிமை தனக்கில்லை என்பதை அவர் மறப்பதே இல்லை.

புல்லுக்கு உரம் போடும் நாளில் அவர் முகம் மாறிவிடும். காலையிலேயே வானத்தைப் பார்த்து வைத்துக்கொள்வார். புல் நனைந்திருக்கக்கூடாது, போட்டு முடித்ததும் தூறல் விழவேண்டும். யூரியாவை ஆற்றுமணலோடு கலந்து, மடியில் கட்டிய சாக்கிலிருந்து அள்ளி, நடந்துகொண்டே விசிறுவார். "ஒரு எடத்துல ஒரு புடி கூடுனாலும் கருகிப் போயிரும். இந்தப் புல்லுக்குச் சின்னப் புள்ளைக்கு ஊட்டுற மாதிரி ஊட்டணும்."

அரசாங்கம் இரசாயன உரத்துக்குத் தடை போட்ட வருடத்திலும் அவர் அப்படித்தான் விசிறினார். எங்கிருந்தோ இரண்டு மூட்டை யூரியா தார்ப்பாய்ப் படங்கால் மூடிய வேனில் வந்து இறங்கியது. தண்ணீர் வடியும் கானுக்கு அந்தப் பக்கம் தேயிலை உரமில்லாமல் மஞ்சள் பூத்து நின்றது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி சத்தம் போட்டாள்: "ஏன்டி, அந்தப் புல்லுக்கு மட்டுந்தான் பசிக்குதா?" பிரேமலதா திரும்பவில்லை. கையும் நிற்கவில்லை.

அந்தப் புல்தரையின் கீழ்ப்பாதி முன்பு புல்தரையே அல்ல. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஆட்களின் மரக்கறித் தோட்டம். பதினொரு குடும்பங்கள் போஞ்சியும் மரவள்ளியும் போட்டிருந்த சரிவு அது. யாரிடமும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. தாத்தன் காலத்திலிருந்து கொத்திய மண் என்பது மட்டும்தான் ஆதாரம். ஹோட்டல் வந்தபோது ஒரு திங்கட்கிழமை பெக்கோ மெஷின் வந்து காலைத் தேநீருக்குள் சரிவை மட்டமாக்கிவிட்டது. சமாதானத்துக்கு மெனேஜர் ஒரு வார்த்தை சொன்னார்: மண் போனவர்களில் ஒருவருக்கு ஹோட்டலில் வேலை. பத்துப் பேர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிரேமலதா கையைத் தூக்கினார்.

அன்றிலிருந்து லயத்தில் அவருக்குப் பெயர் 'புல்லுக்காரி'.

"மக அப்ப ஓயெல் பரீட்சைக்குப் படிச்சிக்கிட்டிருந்தா. நான் தூக்காட்டி வேற ஒருத்தி தூக்கியிருப்பா," என்றார் ஒருமுறை. கொஞ்சம் பொறுத்து, "தூக்கியிருக்க மாட்டாளுங்களோ என்னமோ," என்று தானே சேர்த்துக்கொண்டார்.

மட்டமாக்கிய மண்ணில் மலேசியன் புல் பதித்தார்கள். மூன்றாம் மாதமே அதற்குள்ளிருந்து வல்லாரை வந்தது. பிரேமலதாவின் மாமியார் நட்டுப் பரப்பிய வல்லாரை. "நாங்க வச்ச கீரை. இப்ப இதுக்குப் பேரு களையாம். புடுங்குறதுக்கு எனக்குச் சம்பளமாம்." பிடுங்கினார். ஆனால் அதற்கு மட்டும் கரண்டியை வேர்வரை இறக்கவில்லை. இலை பெருக்கும்வரை விட்டுவைத்து, சனிக்கிழமை மாலையில் பிடிபிடியாகக் கட்டி, வேலிக் கம்பிக்கிடையே நீட்டுவார். புல்லுக்காரி என்று ஏசியவர்களும் வந்து வாங்கிப் போனார்கள். ஏச்சும் நிற்கவில்லை, வாங்குவதும் நிற்கவில்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது.

போன வருடம் கொழும்பிலிருந்து ஒரு புதிய சமையற்காரர் வந்தார். ஒரு சனிக்கிழமை பிரேமலதாவின் கூடையைக் கண்டவர் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தார். அடுத்த வாரமே வெள்ளைக்காரர்களின் மேசைக்கு வல்லாரைச் சம்பல் போயிற்று, எங்கள் தோட்டத்தில் இயற்கையாய் வளர்ந்தது என்ற எழுத்தோடு. மெனேஜர் பிரேமலதாவைக் கூப்பிட்டு, பிடுங்கும் வல்லாரை எல்லாம் இனிக் குசினிக்கு வரவேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார்.

"அதுவும் களைதானே மாத்தயா?" என்று இவரும் சிங்களத்திலேயே கேட்டிருக்கிறார்.

"ஹோட்டல் மண்ணில் வந்தால் ஹோட்டல் சாமான்," என்றாராம் அவர்.

அந்தச் சனிக்கிழமை கேட்டில் காவல்காரன் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தான். அதற்கடுத்த சனிக்கிழமை மடியையும் அவிழ்த்துக் காட்டச் சொன்னான். ரோட்டில் நான் நின்றிருந்தேன். பிரேமலதா மடியை அவிழ்த்து உதறிக் காட்டினார். என்னைப் பார்க்காமல் நடந்து போனார்.

அதுவரை அந்தப் புல்தரையில் அவர் ஒரு சொட்டுக் களைமருந்து அடித்ததில்லை. அவருடைய தகப்பனார் தோட்டத்தில் மருந்து டேங்க் தூக்கியவர். கடைசி நாலு வருடம் படுத்தால் மூச்சு வராது, சுவரில் சாய்ந்தே தூங்கினார். அதனால் மெனேஜர் எத்தனை முறை சொல்லியும், "கையாலயே எடுத்துருவேன் மாத்தயா," என்று தட்டிக்கழித்து வந்தார். அந்தப் பிரேமலதா அடுத்த திங்கட்கிழமை தானே ஆபீசுக்குப் போய், கையால் முடியவில்லை, மருந்து வேண்டும் என்று கேட்டார்.

டவுனில் முக்தார் நானாவின் கடையில் விவரமாக விசாரித்து வாங்கினார். புல்லை விட்டுவிட்டு அகல இலையை மட்டும் கொல்லும் மருந்து. "கைக்கு உறை போட்டுக்கோங்க தங்கச்சி, பொல்லாத சாமான்," என்று நானா சொன்னதற்குத் தலையாட்டினார். உறையை ஹோட்டல் வாங்கிக் கொடுக்கவில்லை. வெயில் ஏறிய ஒரு காலையில் முகத்தில் துவாயைச் சுற்றிக்கொண்டு, தகப்பன் தூக்கியதைப் போன்ற ஒரு டேங்கைத் தூக்கி, கீழ்ப்பாதி முழுக்க அடித்தார். சுற்றிவரச் சிவப்புத் துணி கட்டினார். குசினி வாசலில் போய் நின்று, "மருந்து அடிச்சிருக்கு. இனி அதுல ஒரு எல கிள்ளாதீங்க. ஆஸ்பத்திரிக்குத்தான் போவணும்," என்றும் சொல்லிவிட்டு வந்தார்.

நாலாம் நாள் வல்லாரைத் தண்டுகள் முறுக்கிக்கொண்டன. இரண்டு வாரத்தில் ஒன்றும் இல்லை. புல் மட்டும் நின்றது, விரித்துப் போட்ட பாய்போல.

சமையற்காரர் ஒருநாள் கத்தினார். பிறகு சந்தையில் வல்லாரை வாங்கத் தொடங்கினார். மேசையில் இருந்த எழுத்து மாறவில்லை. மெனேஜருக்கோ பரம சந்தோஷம். "ஹரி லஸ்ஸனய், பிரேமா!" என்று சிங்களத்தில் அழகைப் புகழ்ந்து, புல்தரை நடுவில் அவரை நிறுத்திப் படம் பிடித்து ஹோட்டலின் பேஸ்புக்கில் போட்டார். படத்தில் பிரேமலதா கைகளைப் பின்னால் கட்டியிருக்கிறார்.

"ஏன் அப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"எங்க மண்ணுல வந்தது எங்களுக்கு இல்லேன்னா ஒருத்தருக்கும் வேணாம்னு நெனச்சேன் டீச்சர்." கரண்டியால் வெறுமனே மண்ணைக் கீறினார். "அவுங்களுக்குச் சந்தை இருக்கு. அத நான் யோசிக்கல."

மெனேஜர் இப்போது மாதம் ஒருமுறை மருந்து அடிக்கச் சொல்கிறார்; பிரேமலதாவும் அடிக்கிறார். போன வியாழன் மாலை நான் ரோட்டில் வரும்போது டேங்கை இறக்கி வைத்துவிட்டு அதன் அருகில் உட்கார்ந்திருந்தார். லயப் பக்கமிருந்து சின்னம்மா என்ற பெண் வந்துகொண்டிருந்தார். லயத்தில் பிரேமலதாவுக்கு அடுத்த காம்பராவில் குடியிருப்பவர். அந்தச் சரிவில் அவருக்கும் ஒரு பாத்தி இருந்தது. பெக்கோ வந்த நாளிலிருந்து பிரேமலதாவோடு பேச்சு இல்லை. சனிக்கிழமைகளில் கீரைக்கும் வந்ததில்லை. அவருடைய புருஷன் மூக்கையா முதல் நாள்தான் கேகாலை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தார்.

வேலியருகே வந்து நின்ற சின்னம்மா கொஞ்ச நேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரேமா," என்றார் பிறகு. "ஓடைப் பக்கத்துக் கீரை எல்லாம் மண்ணு சரிஞ்சு மூடிக் கெடக்கு. ஒரு புடி வல்லாரை குடு. அந்த மனுசனுக்குக் கஞ்சி வைக்கணும். வேற ஒண்ணும் எறங்க மாட்டேங்குது."

பிரேமலதா எழுந்து வேலியண்டை வந்தார். கம்பிக்கிடையே இரண்டு கைகளையும் நீட்டி, மருந்து நெடி அடிக்கும் உள்ளங்கைகளை விரித்து, சின்னம்மாவின் மூக்கருகே பிடித்தார்.