பிரீசரின் முனகல்

காலையில் ஆய்வுகூடத்தைத் திறந்ததும் அந்தோனி விளக்கைப் போடமாட்டார். இருட்டிலேயே நடந்துபோய் மூலையில் நிற்கும் பிரீசரின் மேல் உள்ளங்கையை வைப்பார். அது முனகுவது கைக்குத் தெரிந்த பிறகுதான் சுவிட்சைத் தொடுவார். மாலையில் பூட்டுமுன் இன்னொரு தடவை. பத்தொன்பது வருடமாக இப்படித்தான்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து நடந்தே வேலைக்கு வருகிறவர். பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பதவி, ஆய்வுகூட உதவியாளர். பெயர் எழுதாத போத்தலைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். “பெத்துட்டு, பேரு வைக்காம தொட்டில்ல போட்டுட்டுப் போயிருக்காங்க பாருங்க” என்பார்.

பெயரும் திகதியும் ஒழுங்காக எழுதுகிறவள் ஆய்வு மாணவி சிந்துஜா ஒருத்திதான். மாதாமாதம் ஹுன்னஸ்கிரியவுக்கு பஸ் ஏறி, அதே தேயிலைச் செடிகளின் கொழுந்தைப் பறித்துவந்து அந்தப் பிரீசரில் உறையவைத்தாள். ஒரு வருடக் கொழுந்தையும் சேர்த்துச் சோதித்தால்தான் அவளுக்குப் பட்டம். போன வருடம் எட்டு மாதம் முடிந்திருந்தது.

அப்போது ஒரு வெள்ளிக்கிழமை, ‘ஆய்வுக் கலாசார தினம்’ என்று விழா வைத்தார்கள். துறைத்தலைவர் மோகனராஜ் அந்தோனியை மண்டபத்தில் கதிரை அடுக்க அனுப்பினார். விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை. எல்லாம் முடிய ஆறரை மணி. அன்று மட்டும் அவர் பிரீசரைத் தொடாமல் வீட்டுக்குப் போனார். விருந்தினருக்குத் தேநீர் போட யாரோ பிரீசரின் பிளக்கைக் கழற்றி மின்கேத்தலைச் செருகியிருந்தார்கள். சனி, ஞாயிறு, திங்கள் பௌர்ணமிப் போயா விடுமுறை. செவ்வாய்க்கிழமை உள்ளங்கைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

சிந்துஜா கறுத்துக் கசிந்த பைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டாள். “மறுபடி முதல்லருந்தா அண்ணே?” என்று மட்டும் கேட்டாள்.

மோகனராஜ் வந்து எட்டிப் பார்த்தார். “ஆய்வுக் கலாசாரம் வளர்றப்போ சின்னச் சின்ன நட்டம் வரத்தான் செய்யும், அந்தோனி.”

“வளரட்டும் சேர். பிளக்கக் கழட்டாம வளரச் சொல்லுங்க.”

சிந்துஜா மறுபடி பஸ் ஏறினாள். இப்போது பிரீசரில் அவளுடைய பதினொரு பைகள் இருக்கின்றன. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

இன்று இந்த வருடத்து விழா. மண்டபத்தில் கதிரை அடுக்க ஆளில்லை என்று மூன்று தடவை ஆள் அனுப்பிவிட்டார்கள். ஒரேயொரு கதிரையை ஆய்வுகூடத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பிளக்கை முதுகால் மறைத்தபடி அந்தோனி உட்கார்ந்திருக்கிறார்.