சிவப்பு நாடா கட்டிய இருநூறு கோப்புகள்

மருத்துவமனைப் பதிவறையில் அவளுக்குப் பெயர் கோப்பக்கா. கோப்பு அடுக்க வந்தவள் மாலைக் கல்லூரியில் புள்ளியியல் படித்துத் தேறிய பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்குப் போன நோயாளி ஒரு மாதத்துக்குள் திரும்ப வருவாரா, மாட்டாரா? முன்கூட்டித் தெரிந்தால் செவிலியர் அவருக்கு முதலில் ஃபோன் செய்யலாம். அதற்காகப் பழைய பதிவுகளிலிருந்து வாய்ப்பைக் கணிக்கும் மூன்று கணக்கு மாதிரிகளை அவள் போட்டிருந்தாள்: நேர்கோடு, அப்புறம் கோட்டை வளைத்து வாய்ப்பை நூறு சதவீதத்தைத் தாண்டவிடாத லாஜிட், ப்ராபிட். அன்றைய கூட்டத்தில் ஒன்று முடிவாக வேண்டும். தப்பானது முடிவானால் ஃபோன் வேறு யாருக்கோ போகும்.

"நேர்கோடே போதுமே. பாத்ததும் புரியுது" என்றார் பெரிய டாக்டர்.

"போன வாரம் வீட்டுக்குப் போன எட்டாம் படுக்கைத் தாத்தா திரும்ப வர, அந்தக் கோட்டுப்படி நூத்துக்கு நூத்தெட்டு வாய்ப்பு சார்."

"அப்ப துணைக்கு ஒருத்தரையும் கூட்டிட்டு வருவாரோ?" என்றாள் தலைமைச் செவிலி. டாக்டரே சிரித்துவிட்டார்.

"சரி, லாஜிட்" என்றார் டாக்டர். "வயசுக்கு அது குடுக்கிற எண் ப்ராபிட் குடுக்கிறதைவிட ஒண்ணரை மடங்குக்கு மேல பெருசு. இதுதான் பலமான மாதிரி."

"ரெண்டுக்கும் அளவுகோல் வேற சார். ஒரே ஆளை மீட்டர்லயும் அடியிலயும் அளந்துட்டு, அடியில அளந்தாத்தான் ஆள் உயரம்னு சொல்ற கதை. நானே ரெண்டு வாரம் ஏமாந்தேன்."

"பின்னே எப்படிப் பாக்கறது?"

அவள் பீரோவைத் திறந்தாள். ஒரு வருடத்துக்கு முன்பே இருநூறு கோப்புகளைச் சிவப்பு நாடாவால் கட்டிப் பூட்டியிருந்தாள். மாதிரிகளுக்கு அவற்றைக் காட்டவே இல்லை. அப்போது கேட்ட டாக்டருக்கும் சாவி கிடைக்கவில்லை. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

அட்டைமேல் இருந்த வயது, நோய் விவரங்களை வைத்து மூன்று மாதிரிகளும் ஒவ்வொருவருக்கும் சொன்ன வாய்ப்பை முதலில் எழுதினார்கள். பிறகுதான், அவர் திரும்பி வந்தாரா என்று பார்க்கக் கோப்பைப் பிரித்தார்கள். லாஜிட்டும் ப்ராபிட்டும் ஒன்றுக்கொன்று மயிரிழைதான் விலகின. முப்பது சதவீதம் என்று அவை சொன்னவர்களில் பத்துக்கு மூவர் திரும்பியிருந்தார்கள். நேர்கோடு நடுவில் ஒழுங்காகப் போய், வாய்ப்பு மிகக் குறைந்த, மிக மிகுந்த இரு ஓரங்களிலும் தடுமாறியது.

"ரெண்டுல எது?"

"எதுன்னாலும் சரி சார். லாஜிட்டை வார்டுல விளக்கறது சுலபம். அவ்வளவுதான்."

டாக்டர் முடிவுத் தாளில் கையெழுத்திட்டார். அதில் அவள் பெயருக்குக் கீழே 'பதிவறை எழுத்தர்' என்று அச்சாகியிருந்ததை அடித்துவிட்டு, மேலே 'புள்ளியியலாளர்' என்று எழுதினார்.

ஃபோன் செய்ய லாஜிட் தந்த பட்டியலில் முதல் ஆள் எட்டாம் படுக்கைத் தாத்தாதான்: நூற்றுக்கு எண்பத்தொன்பது. செவிலி அங்கேயே ஃபோன் போட்டாள்.

"ரெண்டு நாளா கால் வீங்குதும்மா. யாருகிட்டச் சொல்றதுன்னு முழிச்சிட்டிருந்தேன். உனக்கு யார் சொன்னா?"

"எங்க கோப்பக்கா" என்றாள் செவிலி.

கோப்பக்கா தலை நிமிராமல் நாடாவை மறுபடி இறுக்கிக் கட்டினாள். ஒரு முடிச்சு போதும். மூன்று போட்டாள்.